மூன்று ஆப், 14 பாக்கெட் பால்

(ஆகஸ்ட் மாதப் பொதுக்கூட்டத்தில் பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை. அன்று வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)



போன வாரம் லிஃப்டில் செயலாளர் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், நீங்க 31 வருஷம் பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட்ல இருந்தவர். மழைக்காலம் வரப்போகுது. சப்ளை செயின் ரிஸ்க் பத்தி ஒரு 20 நிமிஷம் பேசுங்க" என்றார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் இருந்தேன். எங்கேயாவது ஒரு போல்ட் வராமல் போனால் முதல் போன் எனக்குத்தான் வரும். அதனால் இந்த விஷயம் கொஞ்சம் தெரியும். ஆனால் கம்பெனிக் கதையிலிருந்து தொடங்கப் போவதில்லை. நான் செய்த ஒரு தப்பிலிருந்து தொடங்குகிறேன். என் மனைவி அதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். நான் எதையாவது மறைத்தால் எழுந்து சொல்லிவிடுவாள்.

2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. மிக்ஜாம் புயல். சாயங்காலமே நம் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வர ஆரம்பித்துவிட்டது. வேளச்சேரியில் தண்ணீர், பள்ளிக்கரணையில் தண்ணீர், பால் வராதாம், பிரெட் தீர்ந்துபோச்சாம். நான் போனை எடுத்தேன். எங்கள் வீட்டில் இரண்டே பேர், ஒரு நாளைக்கு இரண்டு அரை லிட்டர் பாக்கெட் போதும். முதல் ஆப்பில் 4 பாக்கெட் போட்டேன். "அதிக ஆர்டர்கள் காரணமாகத் தாமதம்" என்று வந்தது. இது கட்டாயம் கேன்சல் ஆகும் என்று இன்னொரு ஆப்பில் 4 போட்டேன். அங்கேயும் நேரம் தள்ளிக்கொண்டே போனது. மூன்றாவது ஆப்பில் "இன்னும் 6 மட்டுமே உள்ளது" என்று சிவப்பு எழுத்தில் காட்டியது. ஆறையும் எடுத்துவிட்டேன்.

எது வருகிறதோ வரட்டும், மற்றதைக் கேன்சல் செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். இரவு பதினொன்றுக்குள் மூன்றுமே வந்துவிட்டன. கொட்டும் மழையில் நனைந்துகொண்டு மூன்று பையன்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். 14 பாக்கெட், ஏழு லிட்டர். பிரிட்ஜில் அடுக்கும்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பர்ச்சேஸ்காரன் இல்லையா!

திங்கள்கிழமை கரண்ட் போனது. லிஃப்ட் நின்றது. மத்தியானத்துக்கு மேல் போன் சிக்னலும் இல்லை. நாங்கள் இருப்பது ஏழாவது மாடி. இரண்டு நாளில் 4 பாக்கெட் காய்ச்சிக் குடித்தோம். புதன்கிழமை காலை மீதி 10 பாக்கெட்டும் திரிந்துபோயிருந்தது. ஐந்து லிட்டரையும் சிங்கில் கொட்டினேன்.

வியாழக்கிழமை வேலைக்கு வந்த அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்களுக்கு நான்கு மாடி கீழே, மூன்றாவது மாடியில், பதினோரு மாதக் குழந்தை. அப்பா வெளியூரில் மாட்டிக்கொண்டார். அந்தப் பெண் ஞாயிறு இரவு எல்லா ஆப்பிலும் தேடியிருக்கிறாள். எல்லாவற்றிலும் "ஸ்டாக் இல்லை". செவ்வாய்க்கிழமை குழந்தையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, முழங்கால் தண்ணீரில் நடந்து, அண்ணாச்சி கடை வாசலில் நின்று ஒரு பாக்கெட் வாங்கி வந்திருக்கிறாள். அந்த நேரத்தில் என் பிரிட்ஜில் பத்து பாக்கெட் கெட்டுக்கொண்டிருந்தது. அவள் மாடி ஏறி வந்து கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். ஆனால் ஏழாவது மாடியில் பால் இருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? மூன்றாவது மாடியில் தேவை இருக்கிறது என்று எனக்கும் தெரியாது.

நான் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ஆனால் இப்படி ஒருவன் செய்தால் என்ன ஆகும் என்று 31 வருஷமாக மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவன் நான். அதுதான் உறுத்தல்.

அந்தப் பாடம் இதுதான். ப்ராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனி பாம்பர்ஸ் டயபர் செய்கிறது. அவர்கள் ஒருசமயம் தங்கள் ஆர்டர் கணக்கைப் பார்த்துக் குழம்பிப்போனார்கள். குழந்தைகள் டயபர் நனைப்பது மாதத்துக்கு மாதம் பெரிதாக மாறாது. கடையில் விற்பனையும் ஏறக்குறைய சீராகத்தான் இருந்தது. ஆனால் விநியோகஸ்தர்களிடமிருந்து வந்த ஆர்டர் தாறுமாறாக ஏறி இறங்கியது. கம்பெனி தன் மூலப்பொருளுக்குக் கொடுத்த ஆர்டர் அதைவிட மோசமாக ஆடியது. இதற்கு அவர்கள் புல்விப் என்று பெயர் வைத்தார்கள். மாட்டுச் சாட்டை. வண்டிக்காரர் கைப்பிடியை லேசாகச் சுண்டுவார், நுனி ஆறடி தூரத்தில் வீசி அடிக்கும். கைப்பிடி நம் வீட்டில் இருக்கிறது. நுனி பால் பண்ணையில்.

ஹாவ் லீ, பத்மநாபன், வாங் என்ற மூன்று பேராசிரியர்கள் 1997-ல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். சாட்டை வீசுவதற்கு நான்கு காரணங்கள் சொன்னார்கள். அன்று இரவு எனக்குப் பொருந்தியது ஒன்று. பொருள் தட்டுப்பாடு என்று தெரிந்தால் வாங்குபவர் தேவைக்கு மேல் கேட்பார், பல இடத்தில் கேட்பார், கிடைத்ததும் மீதியைக் கேன்சல் செய்வார். விற்பவருக்கு எது உண்மையான தேவை, எது பயத்தில் போட்ட ஆர்டர் என்று பிரித்துப் பார்க்க வழியே கிடையாது.

நம் குடியிருப்பையே கணக்கில் எடுங்கள். 144 வீடு. வீட்டுக்கு ஒரு லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 144 லிட்டர். அன்று மூன்றில் ஒரு வீடு, அதாவது 48 வீடு, என்னைப் போல ஏழு லிட்டர் வாங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். அது 336 லிட்டர். மற்ற 96 வீடும் வழக்கம்போல ஒரு லிட்டர். மொத்தம் 432. சரியாக மூன்று மடங்கு. ஒரு குழந்தை கூடுதலாகப் பிறக்கவில்லை, ஒரு டம்ளர் காபி கூடுதலாக யாரும் குடிக்கவில்லை. ஆனால் தேவை மூன்று மடங்காகிவிட்டது. இந்த ஆப்களுக்குப் பொருள் வருவது பக்கத்துத் தெருவில் இருக்கும் டார்க் ஸ்டோரிலிருந்து. வாடிக்கையாளர் உள்ளே போகாத சின்னக் கடை அது. பத்து நிமிடத்தில் கொடுப்பதற்காக நமக்குப் பக்கத்தில் இருக்கிறது, பக்கத்தில் இருப்பதால் சின்னதாக இருக்கிறது, சின்னதாக இருப்பதால் பால் மாதிரிப் பொருள் அன்றாடத் தேவைக்கு மட்டும்தான் இருக்கும். மூன்று மடங்கு கேட்டால் முதல் 48 பேரோடு தீர்ந்துவிடும். நாற்பத்தொன்பதாவது ஆள் கைக்குழந்தைக்காரி என்று அந்த மெஷினுக்குத் தெரியாது.

எங்கள் கம்பெனியில் ஒருமுறை இதை ஒரு விளையாட்டாக ஆடவைத்தார்கள். எம்.ஐ.டி.யில் பல வருஷமாக ஆடிவருகிறார்கள், பெயர் பீர் கேம். (சி பிளாக் மாமி முறைக்கிறார். எங்கள் பயிற்சியாளர் பீரை மாற்றி மோர் என்று வைத்துவிட்டார், கவலை வேண்டாம்.) நான்கு பேர் வரிசையாக உட்கார வேண்டும். கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை. ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது. துண்டுச்சீட்டில் ஆர்டரை மட்டும் எழுதி அடுத்தவருக்குத் தள்ளலாம். சரக்கு வந்துசேர இரண்டு மூன்று வாரம் ஆகும். நான் தொழிற்சாலை. கொஞ்ச நேரத்தில் எனக்கு 20 பெட்டி ஆர்டர் வந்தது, அப்புறம் 35, அப்புறம் 50. ராத்திரி பகலாக உற்பத்தியை ஏற்றினேன். திடீரென்று பூஜ்யம். அடுத்த வாரமும் பூஜ்யம். கிடங்கு நிறைய மோர். எனக்கு அப்படி ஒரு கோபம். ஆட்டம் முடிந்ததும், "வாடிக்கையாளர் எவ்வளவு கேட்டிருப்பார் என்று வரைந்து காட்டுங்கள்" என்றார் பயிற்சியாளர். நான் மலை மாதிரி ஏறி இறங்கும் கோடு போட்டேன். அவர் உண்மைக் கணக்கைத் திருப்பிக் காட்டினார். முதல் நான்கு வாரம் 4 பெட்டி. ஐந்தாவது வாரத்திலிருந்து 8. கடைசி வரை அதே 8. அவ்வளவுதான். மற்ற எல்லா ஆட்டமும் நாங்கள் நான்கு பேரும் எங்களுக்குள்ளேயே உண்டாக்கிக்கொண்டது.

எம்.ஐ.டி. பேராசிரியர் ஜான் ஸ்டெர்மன் இந்த ஆட்டத்தை வைத்து 1989-ல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருக்கிறார். ஆடுபவர்கள் ஏற்கனவே போட்ட ஆர்டர் வழியில் இருக்கிறது என்பதைச் சரியாகக் கணக்கில் எடுப்பதில்லை என்பது அதில் முக்கியமான விஷயம். நான் மூன்றாவது ஆப்பைத் திறந்தபோது எட்டு பாக்கெட் வழியில் இருந்ததே, அதே கதைதான்.

இப்போது போன் பக்கம் வருவோம். பழைய காலத்திலும் புயல் வந்தது, ஜனங்கள் அடித்துப்பிடித்து வாங்கினார்கள். ஆனால் ஒருவன் மூன்று கடைக்குப் போய் ஏழு லிட்டர் வாங்க வேண்டுமென்றால் குடை பிடித்து நடக்க வேண்டும். பின்னால் நிற்பவர் பார்ப்பார், கொஞ்சம் கூச்சம் இருக்கும். போனில் கூச்சம் கிடையாது. பின்னால் யார் நிற்கிறார் என்று தெரிவதில்லை. தெரிவதெல்லாம் "இன்னும் 6 மட்டுமே".

அந்த வரி நம்மை என்ன செய்கிறது என்று 1975-லேயே சோதித்துவிட்டார்கள். ஸ்டீபன் வொர்ச்செல் என்பவரும் அவருடைய சகாக்களும் சிலருக்கு 10 பிஸ்கட் இருந்த ஜாடியைக் கொடுத்தார்கள், சிலருக்கு 2 மட்டும் இருந்த ஜாடி. இரண்டிலும் ஒரே பிஸ்கட்தான். இரண்டே இருந்த ஜாடியைப் பார்த்தவர்கள் அதை உசத்தி என்றார்கள், விலை அதிகமாக இருக்கும் என்றார்கள். கண் முன்னாலேயே பத்து இரண்டாகக் குறைந்தால் ஆசை இன்னும் கூடியது. மற்றவர்கள் கேட்டதால்தான் குறைந்தது என்று சொன்னபோது எல்லாவற்றிலும் அதிகம். ஆனால் ருசி கூடுதலாக இருந்ததா என்றால், இல்லை!

வியாபாரிகள் இதை விடுவார்களா? 2019-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் சுமார் 11,000 ஷாப்பிங் தளங்களை ஆராய்ந்து, வாங்குபவரைத் தள்ளிவிடும் தந்திரங்கள் 1,818 இருப்பதாகக் கணக்கெடுத்தார்கள். சில தளங்களில் ஓடும் நேரக் கடிகாரம் வெறும் பொம்மை. பக்கத்தைத் திரும்பத் திறந்தால் முதலிலிருந்து ஓடும். நம் நாட்டிலும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று இப்படிப்பட்ட 13 தந்திரங்களைப் பட்டியலிட்டு வழிகாட்டு விதிகள் வெளியிட்டது. பொய்யான அவசரத்தை உண்டாக்குவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது எல்லாம் அதில் வருகிறது. அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், அன்று இரவு நான் பார்த்த "6 மட்டுமே" பொய்யென்று சொல்லமாட்டேன். உண்மையாகவே ஆறுதான் இருந்திருக்கும். நான்தான் அதைப் பூஜ்யமாக்கினேன்.

உங்களில் பலருக்குப் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். 2023 ஜூலை 20 ஞாபகம் இருக்கிறதா? பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு இந்தியா தடை போட்ட நாள். அடுத்த இரண்டு நாளில் அங்கே இந்தியக் கடைகளில் சோனா மசூரிக்கு வரிசை நின்ற வீடியோ நம் குரூப்பிலேயே வந்தது. டல்லாஸிலிருந்து என் மகள் போன் செய்து, "அப்பா, வீட்டுக்கு ஒரு மூட்டைதான் கொடுக்கறாங்க, நான் ரெண்டு கடைக்குப் போய் ரெண்டு வாங்கிட்டேன்" என்றாள். ஏற்கனவே கப்பலில் இருந்த அரிசி நின்றுவிடவில்லை. பாஸ்மதிக்கும் புழுங்கலரிசிக்கும் அந்தத் தடை கிடையாது. ஆனால் எட்டு மாதம் சாப்பிட வேண்டியதை ஒரே சனிக்கிழமையில் வாங்கினால் எந்தக் கடையும் காலியாகத்தான் ஆகும். மகளுக்கு அன்று அரை மணி நேரம் புத்தி சொன்னேன். ஐந்து மாதம் கழித்து நான் 14 பாக்கெட் வாங்கினேன். இப்போது அவள் போன் செய்யும்போதெல்லாம் "பால் இருக்காப்பா?" என்றுதான் ஆரம்பிக்கிறாள்.

சரி, வேறு மாதிரியும் நடக்குமா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை இது. 1997 பிப்ரவரி 1, சனிக்கிழமை விடியற்காலை. ஜப்பானில் கரியா என்ற ஊரில் ஐசின் கம்பெனியின் ஒரு தொழிற்சாலை எரிந்துபோனது. அங்கே பிரேக்குக்கான ஒரு சின்ன வால்வு செய்தார்கள். உள்ளங்கையில் அடங்கும், விலையும் குறைவு. ஆனால் டொயோட்டா கார்களுக்கு வேண்டிய அந்த வால்வு ஏறக்குறைய முழுவதும் அந்த ஒரே கட்டடத்திலிருந்துதான் வந்தது. டொயோட்டா இருப்பு வைத்துக்கொள்ளாத கம்பெனி. வேண்டியபோது வேண்டிய அளவு மட்டும் வரவேண்டும் என்பது அவர்கள் முறை. இரண்டு மூன்று நாளில் ஜப்பானில் அவர்களுடைய கார் உற்பத்தி ஏறக்குறைய மொத்தமும் நின்றுவிட்டது.

நான் பர்ச்சேஸில் இருந்தவன், அந்த நிலைமையில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொருத்தனும் மிச்சம் இருக்கும் வால்வைத் தேடி ஓடுவான், பதுக்குவான், விலை ஏற்றுவான். அங்கே நடந்தது வேறு. ஐசின் அன்றைக்கே வால்வின் வரைபடத்தைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தது. சுமார் 60 கம்பெனிகள், அவற்றின் கீழ் இன்னும் பல பட்டறைகள், இதற்கு முன் அந்த வால்வைச் செய்தே அறியாதவர்கள், கையில் இருந்த மெஷினை வைத்துச் செய்ய ஆரம்பித்தார்கள். தையல் மெஷினுக்குப் பேர் போன பிரதர் கம்பெனிகூடச் செய்தது. விலை என்ன, யார் பொறுப்பு என்ற பேச்சைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். ஒரு வாரம் பத்து நாளில் உற்பத்தி வழக்கத்துக்குத் திரும்பியது. அவர்களிடம் கூடுதல் சரக்கு இல்லை. யாரிடம் என்ன மெஷின் இருக்கிறது, யாருக்கு என்ன வேண்டும் என்ற விவரம் மட்டும் வேகமாகச் சுற்றியது.

ஒரே இடத்தை நம்பியது டொயோட்டாவின் தப்புதான், அதை மறைக்க வேண்டாம். 2011 நிலநடுக்கத்தில் மறுபடியும் அடிபட்டார்கள். அதற்கப்புறம்தான் தங்களுக்குச் சப்ளை செய்பவருக்குச் சப்ளை செய்பவர் யார் என்பது வரை பதிவு செய்துவைத்தார்கள்.

இதையெல்லாம் எதற்கு இங்கே சொல்கிறேன்? நம்மிடம் 144 பிரிட்ஜ் இருக்கிறது. அதுதான் நம் கிடங்கு. அன்று அந்தக் கிடங்கில் பால் இருந்தது. எங்கே இருக்கிறது என்ற விவரம்தான் இல்லை. பீர் கேமில் பேசக்கூடாது என்பது விதி. இங்கே அப்படி விதி எதுவும் இல்லை, ஆனாலும் நாம் பேசவில்லை.

அதனால் நான் கேட்பது ஒரு நோட்டு. பிளாக்குக்கு ஒன்று, காகிதத்தில், செக்யூரிட்டி மேஜையில். கரண்டும் சிக்னலும் போன பிறகு வாட்ஸ்அப் குரூப் எதற்கும் உதவாது என்று பார்த்துவிட்டோமே. ஒரு வயதுக்குக் கீழே குழந்தை இருக்கும் வீடு, தனியாக இருக்கும் பெரியவர்கள், பிரிட்ஜில் வைக்க வேண்டிய மருந்து உள்ள வீடு, இவற்றின் பிளாட் நம்பர். எதிர்ப்பக்கத்தில், என் வீட்டில் கேஸ் அடுப்பும் பால் பவுடரும் உபரியாக இருக்கிறது என்று சொல்ல முன்வருபவர்கள். கமிட்டியில் ஒருவர், நோயை எல்லாம் நோட்டில் எழுதி எல்லோரும் படிப்பதா என்று கேட்டார். நியாயமான கேள்வி. நோயின் பெயர் எதற்கு? மருந்து விவரம் ஏ பிளாக் டாக்டரம்மாவிடம் மூடிய கவரில் இருக்கட்டும். இன்சுலின் வைத்திருப்பவர்கள் கரண்ட் போனால் அதை எப்படிப் பாதுகாப்பது என்று இப்போதே அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புயலன்று கேட்க வேண்டாம். ஜெனரேட்டர் டீசல் சமாச்சாரத்தைச் செயலாளரிடமே விட்டுவிடுகிறேன், அவருக்கு 2015 வெள்ளத்திலிருந்தே தலைவலி அது.

"அப்படியென்றால் ஸ்டாக் வைக்கவே கூடாதா?" என்று போன கூட்டத்தில் டி பிளாக் நண்பர் கேட்டார். தாராளமாக வையுங்கள். செப்டம்பரில் வையுங்கள். வாரம் ஒரு பால் பவுடர் பாக்கெட், ஒரு மெழுகுவர்த்திக் கட்டு. அந்த மாதம் யாரும் பயந்துகொண்டு வாங்குவதில்லை, கடையில் இருக்கும், நீங்கள் எடுத்ததை அடுத்த லாரி நிரப்பிவிடும். அதே பொருளைப் புயலுக்கு முந்தின ராத்திரி எடுத்தால் நிரப்ப லாரி வராது.

அண்ணாச்சி கடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தச் செவ்வாய்க்கிழமை அவருக்கும் பால் வரவில்லை. மீன்பாடி வண்டி ஒன்றை அமர்த்தி, மேடான பக்கம் வரை போய், இரண்டு கிரேட் பால் எடுத்து வந்தார். வீட்டுக்கு ஒன்று என்று கொடுத்தார். "கைக்குழந்தைக்காரங்க முன்னாடி வாங்க" என்றாராம். எந்த ஆப்பும் செய்ய முடியாத வேலை அது. அவருக்கு நம் முகம் தெரியும். எங்கள் கம்பெனியில் முக்கியமான பொருளுக்கு எப்போதும் இரண்டு சப்ளையர் வைப்போம். இரண்டாவது ஆள் கொஞ்சம் விலை கூடத்தான் சொல்வார். ஆனாலும் மாதாமாதம் அவருக்கும் சிறிது ஆர்டர் கொடுப்போம். கொடுக்காவிட்டால் அவசரத்துக்குத் தேடும்போது கடையை மூடிவிட்டுப் போயிருப்பார். அன்றாடப் பாலை ஆப்பில் வாங்கிவிட்டுப் புயலன்று மட்டும் அண்ணாச்சியைத் தேடுவது அந்தக் கணக்கில் சேராது. நாங்கள் இப்போது ஒரு பாக்கெட்டை அவரிடம் போட்டுவிட்டோம். இன்னொன்று ஆப்பில்தான், பொய் சொல்ல மாட்டேன். ஏழாவது மாடிக்கு வந்து கொடுக்கிறார்களே.

அந்தக் குழந்தை இப்போது பார்க்கில் சைக்கிள் ஓட்டுகிறது. அதன் அம்மாவிடம் போன மாதம்தான் நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "அங்கிள், அன்னிக்கு ராத்திரி நானும் மூணு ஆப்ல போட்டேன். எனக்குக் கிடைச்சிருந்தா நானும் பதினாலு வாங்கியிருப்பேன்" என்றாள்.

பி பிளாக் நோட்டில் முதல் இரண்டு பெயர் நாங்கள் எழுதிவிட்டோம். மற்ற பிளாக்குகளுக்கான நோட்டு வாசல் மேஜையில் இருக்கிறது, பேனாவும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். டீ ஆறுவதற்குள் எழுதிவிட்டு வாருங்கள்.